முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஓட்டு, அந்தப் பக்கம் இல்லை

கேள்வி சுருக்கமாக இதுதான்: கடலூர்ப் பக்கம் வாழ்ந்த கொள்ளுப்பாட்டி 1920-களிலேயே ஓட்டுப் போட்டவர் என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். முள்ளோடை எல்லையைத் தாண்டி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கைக்கோ, இந்தியா விடுதலை பெறும் காலம் நெருங்கும்வரை ஓட்டே இல்லையாம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கல்லில் வெட்டி வைத்தவன் பிரெஞ்சுக்காரன். இங்கிலீஷ்காரன் ஆட்சியில் கிடைத்தது அவன் ஆட்சியில் கிடைக்காமல் போனது எப்படி? வீட்டுப் பேச்சை நம்பலாமா? சரிபார்க்க வழி உண்டா?

நம்பலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கொள்ளுப்பாட்டியின் சொந்தப் பெயரில் பட்டா இருந்திருக்க வேண்டும், அல்லது அவர் பெயரிலேயே நகராட்சி வரி கட்டியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 1923 மாகாணத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1937-ல் போட்டிருக்கலாம். தங்கையைப் பற்றிய பேச்சுக்கு நிபந்தனையே தேவையில்லை. அவருக்கு நூறு காணி நிலம் இருந்திருந்தாலும் 1945-க்கு முன் புதுச்சேரியில் ஓட்டுக் கிடைத்திருக்காது.

இந்த இரண்டு ஊர்களின் கதையைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இரண்டு அரசும் பெண்ணுக்கு ‘இல்லை’ என்றுதான் சொல்லின, ஆனால் சொன்ன விதம் வேறு. ஆங்கில ஆட்சியில் ஓட்டு சொத்தில் தொங்கியது. சொத்தில்லாத ஆணுக்கும் கிடையாது, பெண்ணுக்கும் கிடையாது. பெண் என்பது அதற்கு மேல் வைத்த இன்னொரு பூட்டு, அந்தப் பூட்டை மட்டும் தனியாகக் கழற்ற முடிந்தது. பிரெஞ்சு ஆட்சியில் ஓட்டு ஆண் என்பதிலேயே தொங்கியது. கூலிக்காரனாக இருந்தாலும் ஆண் என்றால் உண்டு, யாராக இருந்தாலும் பெண் என்றால் இல்லை. அங்கே கழற்றுவதற்குத் தனிப் பூட்டு எதுவும் இல்லை, கதவையே மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் கடலூர்ப் பக்கத்தைப் பார்ப்போம். தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது, எனவே சென்னையில் நடந்ததுதான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் சட்டம். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் அமைச்சரவையின் இந்தியா மந்திரி மாண்டேகு சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இந்தியா வந்தார். பெண் கல்வி பற்றி அவரிடம் பேசத்தான் கசின்ஸ் முதலில் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கை என்றால் மட்டுமே தூதுக்குழுவைப் பார்ப்போம் என்று பதில் வந்தது. சரி, அரசியலையே கேட்போம் என்று வாக்குரிமையைச் சேர்த்தார்கள். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது அந்தக் குழு. ஓர் அதிகாரியின் விதிமுறைக் கெடுபிடி இல்லாவிட்டால் இந்தக் கோரிக்கை இன்னும் சில ஆண்டு தள்ளிப்போயிருக்கும்.

கோரிக்கை உடனே பலிக்கவில்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை, பெண்களைத் திரைக்குள் வைக்கும் கோஷா முறை இருக்கிறது என்று காரணம் சொல்லி மறுத்தது. 1919-ல் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மிதன் ஆகியோர் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன்னும் வெளியிலும் வாதாடினார்கள். அதன் பலன் பாதிதான். லண்டன் தானும் கொடுக்கவில்லை, கொடுப்பவரைத் தடுக்கவும் இல்லை. அந்தந்த மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் போட்டால் பெண் என்ற தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று 1919 இந்திய அரசுச் சட்டத்தின் விதிகளில் வழி வைத்தார்கள். தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது என் எண்ணம். சென்னை அதையே வாய்ப்பாக்கிக்கொண்டது.

1921 ஏப்ரல் 1 அன்று சென்னைச் சட்டமன்றம் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியிலிருந்த மாகாணங்களில் இதுவே முதல். பம்பாய் அதே ஆண்டு பின்னால் வந்தது. திருவிதாங்கூர் ஓரிரு ஆண்டு முந்திக்கொண்டது, ஆனால் அது சமஸ்தானம். கடலூர்க்காரர்கள் நினைவில் வைக்க ஒரு செய்தி: அன்று மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் அ. சுப்பராயலு ரெட்டியார். தென்னார்க்காட்டு நிலக்கிழார், கடலூரில் வழக்கறிஞராக இருந்தவர். 1920 டிசம்பரில் பதவியேற்று 1921 ஜூலையில் உடல்நலக் குறைவால் விலகிவிட்டார். அவர் பதவியில் இருந்த அந்த ஏழு மாதத்துக்குள்தான் இந்தத் தீர்மானம் வந்தது. ‘நீதிக்கட்சி கொடுத்தது’ என்று சிலரும், ‘காங்கிரஸ் பெண்கள் வாங்கியது’ என்று சிலரும் சண்டை போடுவதுண்டு. மன்றத்தில் கை தூக்கியது நீதிக்கட்சிப் பெரும்பான்மை, அந்த வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தது மாதர் சங்கம். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

இனி, 1923 தேர்தலில் கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் வாக்காளராக என்னென்ன தேவைப்பட்டன? வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கிராமம் என்றால், வருவாய்க் கணக்கில் ஆண்டு மதிப்பு 10 ரூபாய்க்குக் குறையாத ரயத்துவாரி நிலம் (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் பட்டா நிலம்) அவர் பெயரில் இருக்க வேண்டும். அந்தக் காலத் தீர்வைக்குச் சில ஏக்கர் நஞ்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரம் என்றால் சொத்துவரியோ தொழில்வரியோ அவர் பெயரில் விதித்திருக்க வேண்டும். வருமானவரி கட்டுபவர் தானாகவே தகுதி பெறுவார், ஆனால் அந்தக் காலத்தில் அப்படி எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் இது மூன்று இடத்தில் சிக்கிக்கொண்டது.

முதல் சிக்கல் பட்டா. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்தது பெரும்பாலும் நகை, பாத்திரம், மாடு. மஞ்சள்காணி என்று நிலம் கொடுக்கும் வழக்கமும் உண்டுதான். ஆனால் கொடுத்த நிலத்துக்குப் பட்டா மாற்றம் செய்யாமல் அப்பன் பெயரிலோ அண்ணன் பெயரிலோ அப்படியே விட்டுவிடுவார்கள். விளைச்சல் அவளுக்கு வரும், தீர்வை ரசீது அண்ணன் பெயரில் இருக்கும். வாக்காளர் பட்டியல் தயாரித்தவர் பார்த்தது ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கணக்கை. விளைச்சல் யார் வீட்டுக் குதிரில் விழுந்தது என்பது அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது சிக்கல் கூட்டுக்குடும்பம். குடும்பச் சொத்தை ஒரே அலகாக எடுத்து, அதை நிர்வகிக்கும் கர்த்தாவுக்கு ஓட்டு என்பது விதி. அண்ணன் தம்பி நான்கு பேர் இருந்தாலும் ஓட்டு ஒன்றே, அது மூத்தவனுக்கு. அந்த வீட்டுப் பெண்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

மூன்றாவது, கைம்பெண்கள். இது விசித்திரமானது. சமூகம் முக்காடு போட்டு மூலையில் உட்காரவைத்த கைம்பெண்தான் அன்றைய பெண் வாக்காளர்களில் முன்வரிசையில் இருந்தார். பாகம் பிரிந்து தனியாக வாழ்ந்த கணவன் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தால், அவன் சொத்து அவள் ஆயுள்வரை அவள் கையில் இருக்கும். விற்கும் உரிமை குறுகியது என்றாலும் பட்டா அவள் பெயருக்கு மாறும். பட்டா வந்தால் பட்டியலில் பெயர் வரும். ஆகவே கணவனோடு வாழும் சுமங்கலிக்கு ஓட்டில்லை, பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணுக்கு உண்டு. கொள்ளுப்பாட்டி இளவயதிலேயே கணவனை இழந்தவரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் வீட்டுப் பேச்சு உண்மையாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இவ்வளவு வடிகட்டியதற்குப் பிறகு மிஞ்சியவர் எத்தனை பேர்? 1920-களின் இரண்டாம் பாதியில் சென்னை மாகாணத்தில் வயதுவந்த பெண்களில் நூற்றுக்கு ஒருவர்தான் வாக்காளர். சுமார் பத்து ஆண் வாக்காளருக்கு ஒரு பெண். மற்ற மாகாணங்களோடு ஒப்பிட்டால் இதுவே நல்ல விகிதம். ‘1921-ல் தமிழ்ப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்த நூற்றில் ஒன்றையும் சேர்த்து எழுதினால் நல்லது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் 1918-ல் பெண்களுக்கு ஓட்டு வந்தபோது வயது வரம்பு 30, ஆணுக்குச் சமமாக 21 ஆனது 1928-ல்தான். அப்படியென்றால் 1923-ல் நிலம் வைத்திருந்த 22 வயதுக் கடலூர்க் கைம்பெண்ணுக்கு இருந்த உரிமை, லண்டனில் அதே வயதுச் சீமாட்டிக்கு இல்லை.

ஓட்டுப் போடலாம், ஆனால் நிற்கக் கூடாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. அந்த ஆண்டு விதி தளர்ந்ததும் கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூரில் நின்று சொற்ப வாக்கில் தோற்றார். மங்களூர் அப்போது சென்னை மாகாணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக மன்றத்துக்குள் வந்து 1927-ல் துணைத்தலைவரும் ஆனார். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்து விலகினார். தேவதாசி ஒழிப்புக்கு அவர் அங்கே போட்ட அடித்தளம் 1947-ல்தான் முழுச் சட்டமானது.

இப்போது முள்ளோடையைத் தாண்டுவோம். கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் ஆற்றுப்பாலம் தாண்டிச் சற்று நேரத்தில் புதுச்சேரி எல்லை. இன்றைக்கு அங்கே மாறுவது பெட்ரோல் விலையும் மதுக்கடைப் பலகையும்தான். நூறு ஆண்டுக்கு முன் அங்கே மாறியது ‘வாக்காளர்’ என்ற சொல்லின் பொருள்.

பிரான்ஸ் 1848-ல் ‘அனைவருக்கும் வாக்குரிமை’ அறிவித்தது. அனைவரும் என்றால் அனைத்து ஆண்களும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே பாதி மக்களை வெளியே நிறுத்த முடிந்ததுதான் அந்நாட்டுப் பெண்களின் பெரும் தலைவலி. பிரிட்டனில் ‘எங்களையும் சேருங்கள்’ என்று கேட்க முடிந்தது. பிரான்சில் ‘எல்லோரும் ஏற்கெனவே சேர்ந்தாயிற்றே’ என்று பதில் வரும். புதுச்சேரிக்கும் 1848-ல் அந்த உரிமை ஒருமுறை வந்து போனது. 1871-லிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை நிலைத்தது. சென்னை மாகாணத்தில் பெரும் மிராசுதாருக்கே ஓட்டு என்றால் என்னவென்று தெரியாத காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் உழவனுக்குக் காகிதத்தில் ஓட்டு இருந்தது.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1884-ல் உள்ளூர் மன்றங்களுக்கு மூன்று பட்டியல் போட்டார்கள்: ஐரோப்பியர் ஒன்று, சொந்தச் சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’கள் ஒன்று, மற்ற இந்தியர் எல்லோருக்கும் ஒன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர் பட்டியலுக்கும், ஊரே அடங்கிய மூன்றாம் பட்டியலுக்கும் மன்றத்தில் சம எடை. 1899-ல் மூன்று இரண்டானது. சாவடியில் பெட்டியை நிரப்புவது, செத்தவன் பெயரில் ஓட்டு, எதிர்க்கட்சி ஊரைத் தடியால் மடக்கி நிறுத்துவது என்று புதுச்சேரித் தேர்தல் அந்தக் காலத்தில் பேர்போனது. ஆணின் ஓட்டே இந்த லட்சணத்தில் இருந்தபோது, பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்ற குரல் அங்கே இயக்கமாக எழாமல் போனதில் வியப்பில்லை. முதலில் ஓட்டை ஓட்டாக்க வேண்டியிருந்தது.

பாரிசிலோ குரல் ஓயவே இல்லை. ஒலிம்ப் தெ கூழ் 1791-லேயே பெண்களின் உரிமைப் பிரகடனம் எழுதினார், 1793-ல் கில்லட்டினில் தலையைக் கொடுத்தார். யூபெர்தின் ஒக்லேர் 1880-ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டு மறுக்கப்பட்டார். ஓட்டில்லை என்றால் வரியும் இல்லை என்று கட்ட மறுத்தார். 1908-ல் வாக்குச்சாவடியில் புகுந்து பெட்டியைத் தள்ளிக் கவிழ்த்தார். இவ்வளவுக்கும் பிறகு முதல் உலகப்போர் முடிந்ததும் 1919 மே மாதம் மக்களவை பெரும்பான்மையோடு பெண் வாக்குரிமையை ஏற்றுக்கொண்டது. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது. இருபத்தைந்து ஆண்டு இழுத்தது செனட்.

செனட்டை அறியாமல் புதுச்சேரித் தங்கையின் கதை புரியாது. செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சிப் பிரமுகர்களே பெரும்பகுதியாக அமைந்த தனி வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கும். உறுப்பினருக்குக் குறைந்தது 40 வயது. அங்கே ராடிக்கல் கட்சியின் பிடி. அவர்கள் பழமைவாதிகள் அல்லர், மதச்சார்பின்மைக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர்கள். அவர்களுடைய பயமே வேறு: பெண்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பாதிரியார் சொன்னவருக்குத்தான் போடுவார்கள், ஓட்டுக் கொடுத்தால் குடியரசே கவிழும். 1922 நவம்பரில் 156-க்கு 134 என்ற கணக்கில் மசோதாவை விவாதத்துக்கே எடுக்காமல் தள்ளினார்கள். மக்களவை அனுப்பிக்கொண்டே இருக்கும், செனட் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே இருக்கும். முற்போக்கு பேசுகிறவர் தன் அணிக்கு நட்டம் என்றதும் காட்டுகிற தயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1936 இன்னும் வேடிக்கை. பிரதமர் லெயோன் ப்ளூம் அமைச்சரவையில் மூன்று பெண்கள் துணை அமைச்சர்கள் ஆனார்கள், நோபல் பரிசு பெற்ற இரேன் ழோலியோ-கியூரி உட்பட. நாட்டை ஆளலாம், ஊராட்சிக்கு ஓட்டுப் போடக் கூடாது. அந்த ஆண்டு ஜூலை 30 அன்று மக்களவை 475-க்குச் சுழியம் என்று ஒருவர்கூட எதிர்க்காமல் பெண் வாக்குரிமையை மீண்டும் நிறைவேற்றியது. செனட் அதையும் எடுக்கவில்லை.

1936 ஜூலை 30 என்றால் புதுச்சேரிக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சவானா மில் வேலைநிறுத்தத்தில் பிரெஞ்சுப் படை சுட்டுத் தொழிலாளர் 12 பேர் மாண்ட நாள் அது. ஒரே அரசு, ஒரே நாள். அங்கே ஆடவர் அவை பெண்களுக்காகக் கை தூக்குகிறது, இங்கே எட்டு மணி நேர வேலை கேட்ட கூட்டத்தின் மீது துப்பாக்கி தூக்குகிறது. அந்த ஆலைகளில் பெண்களும் வேலை செய்தார்கள். 1937 ஏப்ரலில் வந்த தொழிலாளர் ஆணையில் வேலை நேரக் குறைப்போடு பெண்களுக்கு இரவு வேலைத் தடையும் பேறுகால விடுப்பும் இடம்பெற்றன. புதுச்சேரிப் பெண்ணுக்கு ஓட்டுக்கு முன்பே உரிமை வந்த வாசல் ஆலை வாசல். புதுச்சேரியில் பெண் இயக்கம் எங்கே என்று தேடுகிறவர்கள் மாதர் சங்கப் பெயர்ப்பலகையைத் தேடி ஏமாறுகிறார்கள். தொழிற்சங்கக் கதைக்குள் தேட வேண்டும்.

கடைசியில் செனட்டைத் தாண்டி ஓட்டு வந்தது செனட் இல்லாமல் போனதால்தான். ஜெர்மனி பிரான்சைப் பிடித்த பிறகு அல்ஜியர்சில் கூடிய தற்காலிக ஆலோசனை மன்றம், 1944 மார்ச் 24 அன்று பெர்னான் கிரெனியே கொண்டுவந்த திருத்தத்தை 51-க்கு 16 என்று ஏற்றது. ஏப்ரல் 21 அன்று தெ கோல் அரசு ஆணையாக வெளியிட்டது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரல் 29, நகராட்சித் தேர்தலில். ‘தெ கோல் கொடுத்தார்’ என்று சொல்வது வழக்கம். கையெழுத்து அவருடையது, ஒக்லேர் காலம் முதலான அறுபது ஆண்டு உழைப்பு வேறு பலருடையது. புதுச்சேரிக்கு இது போர் முடிந்தபின் வந்த சீர்திருத்தங்களோடு சேர்ந்துதான் வந்தது. பட்டியல் பிரிவினை போய், ஆண் பெண் இருபாலரும் ஒரே பட்டியலில் வாக்காளரானார்கள். 1946 நகராட்சித் தேர்தலிலும், அந்த ஆண்டின் இறுதியில் நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலிலும் புதுச்சேரிப் பெண்கள் வாக்காளர்கள்.

ஆக, அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டு. ஆனால் இதையும் கவனியுங்கள்: தங்கைக்கு ஓட்டு வந்தபோது அது அவள் வீட்டு வேலைக்காரிக்கும் சேர்ந்தே வந்தது. அக்காவின் ஊரில் நிலமில்லாக் கூலிப் பெண்ணுக்கு ஓட்டு வர இன்னும் 1952 ஆக வேண்டியிருந்தது. எந்த ஊர் முந்தியது என்ற கேள்விக்கு, எந்தப் பெண்ணைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

இடையில் ஆங்கில ஆட்சிப் பக்கத்து 1935 இந்திய அரசுச் சட்டத்தைச் சொல்லவில்லை. அதில் பெண்களுக்குப் புதிதாக இரண்டு வழி திறந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பது ஒன்று. தகுதியுள்ள சொத்துக்காரரின் மனைவி அல்லது கைம்பெண் என்பது இன்னொன்று. இரண்டாவதில் நுணுக்கமான நிபந்தனை உண்டு: ஓர் ஆணின் தகுதியைக் காட்டி ஒரே நேரத்தில் ஒரு பெண்தான் பட்டியலில் இருக்கலாம். இரண்டு தாரம் கட்டியவர் வீட்டில் ஒருத்திக்குத்தான் ஓட்டு. கணவன் இறந்தாலும் அவள் பெயர் நீடிக்கும், மறுமணம் செய்தால் போய்விடும். மனைவி என்பதற்காக ஓட்டா என்று மாதர் அமைப்புகள் கொதித்தன. இந்திய மாதர் சங்கம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் 1931-லேயே ஒன்றுசேர்ந்து, வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும், தனி ஒதுக்கீடு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருந்தன. வட்டமேஜை மாநாட்டுக்குப் போன ராதாபாய் சுப்பராயன் ஒதுக்கீடு இல்லாமல் பெண்கள் உள்ளே வரமுடியாது என்றார். அன்றைக்கு அவரைப் பிற்போக்கு என்றார்கள். பிறகு நடந்ததைப் பார்த்தால் கணக்கு அவர் பக்கம் இருந்தது.

சட்டமானபோது நாடு முழுக்கச் சுமார் 60 லட்சம் பெண்கள் வாக்காளரானார்கள், ஐந்து ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவில். சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கு: பொது 6, முஸ்லிம் 1, கிறித்தவர் 1. 1937 தேர்தலில் எழுதப்படிக்கத் தெரியாதவருக்காக நிறப் பெட்டிகள் வைத்தார்கள். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. ‘மஞ்சள் பெட்டியில் போட்டேன்’ என்று கொள்ளுப்பாட்டி சொன்னதாக வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அது 1923 இல்லை, 1937.

அந்தத் தேர்தலில் சட்டமன்றத்துக்குப் போனவர் கடலூர் அஞ்சலை அம்மாள், முதுநகர்க்காரர். 1921-ல் ஒத்துழையாமையில் இறங்கியவர். 1927-ல் சென்னையில் ஆங்கிலப் படைத்தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணோடு சிறை சென்றவர். 1932-ல் வேலூர்ச் சிறைக்குப் போகும்போது கர்ப்பிணி. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், குழந்தை பிறந்த இரண்டு வாரத்தில் மறுபடி உள்ளே. போராட்டத்துக்காகக் குடும்பச் சொத்தை விற்றவர் என்பதையும் மேலே சொன்ன விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற ஊரில், சொத்தை விற்றுவிட்டுச் சட்டமன்றம் போன பெண் அவர். அண்மையில் அரசியல் மேடைகளில் அவர் படம் வந்த பிறகுதான் பலர் பெயரையே கேட்கிறார்கள்.

1950 அரசியல் சட்டத்தின் 326-ஆம் பிரிவு 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்றதும் சொத்துக் கதை முடிந்தது. 1989-ல் வயது 18 ஆனது. முதல் பொதுத்தேர்தலில் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டிவந்தது, ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று மட்டும் கொடுத்துச் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்ததால். அது பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது. நம் பக்கம் தலைகீழ்: தன் பெயரைச் சொல்வாள், புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். கணக்கெடுப்பவர் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள்வார். புதுச்சேரி 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பில் இந்தியாவோடு சேர முடிவெடுத்தபோது நேரடியாக மக்கள் யாரும் ஓட்டுப் போடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேர் போட்டார்கள், 170 ஆதரவு, 8 எதிர்ப்பு.

ஓட்டு வந்தும் ஆட்சியில் பங்கு வரவில்லை என்பதற்குப் புதுச்சேரியே சான்று. ஆணைவிடப் பெண் வாக்காளர் அதிகமான ஊர். 2021 தேர்தலில் 30 தொகுதியில் வென்ற பெண் ஒரே ஒருவர், நெடுங்காடு சந்திர பிரியங்கா. அவர் அமைச்சரானபோது ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து இரண்டாவது பெண் அமைச்சர். 2023-ல் வந்த மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டைப் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் நீட்டித்துத் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடப்புக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சரிபார்க்கும் வழி: கடலூர்ப் பக்கத்துக்கு முதலில் வீட்டிலுள்ள பழைய பத்திரம், தீர்வை ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றை எடுங்கள். 1923-க்கு முன் தேதியிட்டு, கொள்ளுப்பாட்டி பெயரில், சர்வே எண்ணோடு ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ‘வாக்காளர் பட்டியல் வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்டால் ஆள் திணறுவார். மாவட்டம், தாலுகா, கிராமம், ஆண்டு நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய தென்னார்க்காட்டில் இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சியும் அடங்கும், ஆகவே அன்றைய தாலுகாப் பெயர் முக்கியம். பெண் பெயருக்கு முன் தந்தை பெயர் இருக்கிறதா, கணவர் பெயர் இருக்கிறதா என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள். பட்டா பிறந்த வீட்டு வழி வந்தது என்றால் தந்தை பெயரில்தான் பதிவாகியிருக்கும்.

புதுச்சேரித் தங்கைக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளை இருக்கிறது. பிரெஞ்சு அரசிதழ்கள் பல, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தவறிப்போவது எழுத்துக்கூட்டலில். சண்முகம் என்ற பெயரை ‘எஸ்’ வரிசையில் தேடினால் கிடைக்காது, பிரெஞ்சில் அது ‘சி’ வரிசையில் இருக்கும். ‘உ’ ஒலி வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, பிரெஞ்சில் இரண்டு. சுப்பம்மாள், முருகம்மாள் போன்ற பெயர்கள் அடையாளமே தெரியாமல் மாறிப்போயிருக்கும். தங்கை புகுந்த வீடு ரெனோன்சான் குடும்பம் என்றால் பிறப்பு, திருமணப் பதிவுகளில் வேறு குடும்பப் பெயர் இருக்கும், துறந்தபோது புதிதாக வைத்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டியலைப் புரட்ட வேண்டாம். அந்தக் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் இன்றும் பொருந்தாது என்பதால், பழைய பதிவு நகல்களை யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார். காப்பகத்துக்குப் போகும் முன் அவரைப் பிடியுங்கள்.